அட்டைக்குள் அடங்காத உடம்பு

சிங்கப்பூரில் குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு அடையாள அட்டை, நிரந்தரவாசிகளுக்கு நீல அட்டை. நீல அட்டைக்காரர்களில் தஞ்சாவூர், காரைக்குடி, திருநெல்வேலி என்று சொந்த ஊர் சொல்பவர்களும் நிறைய உண்டு. அட்டைக்காக ஒரு காலத்தில் புகைப்படமும் விரல் ரேகையும் கொடுத்தால் போதுமானதாக இருந்தது. 2016இல் தேசியப் பதிவுச் சட்டம் திருத்தப்பட்டது. 2017 ஜனவரி 1 முதல் புதிதாகப் பதிபவரும் மறுபதிவுக்கு வருபவரும் கண்ணையும் காட்ட வேண்டியதாயிற்று. கேமராவுக்கு முன் சில விநாடிகள் கண்ணை அகல விரித்தால் கருவிழியின் படம் அரசாங்கத்தின் கணினிக்குள் போய்விடும்.

ரேகை இருக்கக் கண் எதற்கு? குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையம் சொன்ன காரணங்களில் ஒன்று சுற்றிவளைக்காதது: வயதாலும் தழும்பாலும் வறட்சியாலும் சிலருடைய ரேகை இயந்திரத்தால் படிக்க முடியாதபடி ஆகிவிடுகிறது. அட்டை ஆண்டுக்கணக்கில் மாறாமல் இருக்கும். அதை வைத்திருப்பவரின் உடம்பு மாறிக்கொண்டே இருக்கும். இந்த இடைவெளியை இயந்திரம் எப்படிச் சமாளிக்கிறது, சமாளிக்க முடியாதபோது அது யார் தலையில் விடிகிறது என்பதைப் பார்ப்போம்.

விரலில் விழுந்த கோடு

கருவில் ஏறத்தாழப் பத்தாவது வாரத்துக்குப் பிறகு சிசுவின் விரல் நுனித் தோலில் மெல்லிய மேடுகள் எழத் தொடங்குகின்றன. ஐந்தாவது மாதத்தை எட்டுவதற்குள் அவற்றின் அமைப்பு முடிவாகிவிடும். எடின்பரோ பல்கலைக்கழகத்தின் டெனிஸ் ஹெடன் குழுவினர் 2023இல் 'செல்' ஆய்விதழில் இந்த மேடுகள் உருவாகும் விதத்தை விளக்கினார்கள். டபிள்யூஎன்டி, ஈடார் என்ற இரண்டு மூலக்கூறுச் சமிக்ஞைகள் "இங்கே மேடு எழும்பட்டும்" என்று தூண்டுகின்றன. பிஎம்பி என்ற மூன்றாவது சமிக்ஞை "போதும், நிறுத்து" என்று தடுக்கிறது. தூண்டலும் தடையும் மோதிக்கொள்வதில் வரிவரியான கோலம் தானாகவே விழும் என்று கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1952இலேயே கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். வரிக்குதிரையின் கோடுகளுக்கும் இதே கணக்கைத்தான் சொல்கிறார்கள்.

மேடுகள் விரல் நுனியில் மூன்று இடங்களிலிருந்து கிளம்புகின்றன: நுனிச் சதையின் நடுவிலிருந்து, நகத்தின் ஓரத்திலிருந்து, முதல் மூட்டு மடிப்பிலிருந்து. குளத்தில் மூன்று இடத்தில் கல் எறிந்தால் அலைகள் பரவி ஒன்றையொன்று சந்திக்குமே, அப்படி இவையும் பரவிச் சந்திக்கின்றன. எந்த அலை முந்தியது, சதை எவ்வளவு உப்பியிருந்தது என்பதைப் பொறுத்துச் சுழியோ வளையமோ வில்லோ உருவாகும். பெரிய வடிவத்தை மரபணு ஓரளவு தீர்மானிக்கிறது. கோடு எங்கே நிற்கிறது, எங்கே கிளை பிரிகிறது போன்ற நுணுக்கங்களைத் தற்செயல்தான் தீர்மானிக்கிறது. அதனால்தான் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கும் ரேகை வேறு. ஒரே ஆளின் பத்து விரல்களிலும் பத்து ரேகை.

கண்ணாடியில் விரலை வைத்ததும் இயந்திரம் அந்தக் கோடு நிற்கும் இடங்களையும் பிரியும் இடங்களையும் தேடிப் பிடிக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் அது இருக்கும் இடம், கோடு போகும் திசை என்று எண்களாகக் குறித்துக்கொள்கிறது. அடுத்த முறை விரல் வரும்போது புதுப் புள்ளிகளைப் பழைய புள்ளிகளோடு வைத்துப் பார்த்து எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மதிப்பெண் போடுகிறது. அந்த மதிப்பெண் குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் பச்சை விளக்கு எரியும். "இவர் இன்னார்" என்று இயந்திரம் ஒருபோதும் உறுதியாக அறிவதில்லை. "இவராக இருக்கப் போதிய அளவு வாய்ப்பு உண்டு" என்றுதான் சொல்கிறது. எவ்வளவு போதும் என்பதை முடிவு செய்து வைத்தவர்கள் மனிதர்கள்.

தேய்ந்த விரல்கள்

ரேகையின் அச்சு தோலின் அடியடுக்கில் இருப்பதால், மேல்தோல் உரிந்தாலும் அதே கோலம் திரும்ப வளர்ந்துவிடும். வளர நாள் வேண்டும். தினமும் தேய்ந்தால் தோல் என்ன செய்யும்? கட்டுமானத் தளத்தில் வேலை செய்பவரின் விரலை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரச் சிமெண்டு கடுமையான காரம், அதன் பிஎச் மதிப்பு 12க்கு மேல். அது தோலின் எண்ணெய்ப் பசையைக் கரைத்து மேலடுக்கை அரிக்கிறது; மணலும் செங்கல்லும் மிச்ச மேட்டை ராவிவிடுகின்றன. வேலை அனுமதி பெற்று சிங்கப்பூர் போகும் தொழிலாளியும் மனிதவள அமைச்சின் சேவை நிலையத்தில் விரல் ரேகையும் படமும் கொடுத்துத்தான் அட்டை பெற வேண்டும். எந்த வேலைக்காக அந்த அட்டை தரப்படுகிறதோ அதே வேலை அட்டைக்கான ரேகையைத் தேய்க்கிறது. பாத்திரம் துலக்கும் வீட்டுப் பணிப்பெண்ணுக்கும் கிருமிநாசினியில் கை நனைத்துக்கொண்டே இருக்கும் செவிலியருக்கும் இதே கதிதான். முதுமையில் தோல் நெகிழ்ச்சி இழந்து மேடுகள் தாழ்ந்துபோவதால் தாத்தா பாட்டிகளின் விரலும் கண்ணாடியில் மங்கலாகத்தான் விழும்.

மருந்தும் ரேகையை அழிக்கும். 2008 டிசம்பரில் சிங்கப்பூரிலிருந்து அமெரிக்கா போன 62 வயதுப் புற்றுநோயாளி ஒருவரை விமான நிலையத்தில் நான்கு மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். காரணம், அவர் விரல்களில் ரேகையே இல்லை. அவர் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகச் சாப்பிட்டுவந்த கேப்சிடபின் என்ற மருந்துக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரியும் பக்கவிளைவு உண்டு. அவருக்கு மருத்துவம் பார்த்த சிங்கப்பூர் மருத்துவர் இதை 2009இல் புற்றுநோய் ஆய்விதழ் ஒன்றில் எழுதினார். இந்த மருந்து சாப்பிடுபவர்கள் பயணம் போகும்போது மருத்துவர் கடிதம் எடுத்துப்போக வேண்டும் என்பது அவர் சொன்ன யோசனை.

பிறவியிலேயே ரேகை இல்லாதவர்களும் இருக்கிறார்கள். 2007இல் சுவிட்சர்லாந்துப் பெண் ஒருவர் அமெரிக்காவுக்குள் நுழையச் சிரமப்பட்டபோது இது மருத்துவர்களின் கவனத்துக்கு வந்தது. அவருடைய குடும்பத்தில் இன்னும் பலருக்கும் விரல் நுனி வழவழப்பாகத்தான் இருந்தது. எஸ்எம்ஏஆர்சிஏடி1 என்ற மரபணுவில் ஏற்பட்ட பிறழ்ச்சியே காரணம் என்று 2011இல் கண்டுபிடித்தார்கள். பாசல் நகரத் தோல் மருத்துவர் பீட்டர் இட்டின் இதற்குக் 'குடிநுழைவுத் தாமத நோய்' என்று பட்டப்பெயர் வைத்தார். அந்தக் குடும்பத்தாருக்கு வியர்வை கொஞ்சம் குறைவு என்பதைத் தவிர உடம்பில் பெரிய தொந்தரவு இல்லை. எல்லைச் சாவடி என்று ஒன்று இல்லாவிட்டால் அது நோய் என்றே யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

கண்ணுக்குள் 2,048 புள்ளி

விரலைப் போலக் கருவிழி தேயாது. முன்னால் கண்ணாடிபோல் கார்னியா மூடியிருக்கிறது. கருவின் மூன்றாவது மாதத்தில் உருவாகத் தொடங்கி எட்டாவது மாதத்துக்குள் அதன் இழைகளும் பள்ளங்களும் அமைந்துவிடுகின்றன. இங்கும் நுணுக்கங்கள் தற்செயலின் வேலை. ஒரே ஆளின் இடக் கண்ணும் வலக் கண்ணும்கூட ஒன்றல்ல.

நம் ஊர்க் கண்களில் மெலனின் என்ற நிறமி அதிகம். சாதாரண வெளிச்சத்தை அது விழுங்கிவிடுவதால் கருவிழி ஒரே கறுப்பாக, இழை எதுவும் தெரியாமல் இருக்கும். அகச்சிவப்பை ஒட்டிய ஒளியை மெலனின் அவ்வளவாக உறிஞ்சாது. அதனால் பதிவு நிலையக் கேமரா 700 முதல் 900 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை வீசிப் படம் எடுக்கிறது. நம் கண்ணுக்கு அந்த ஒளி சரியாகத் தெரியாது. படத்தில் கன்னங்கரிய விழிக்குள்ளும் இழை இழையாகத் தெரியும்.

அந்தப் படத்தை எண்ணாக்கும் முறையை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜான் டாக்மன் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கினார். கண்பாவைக்கும் வெள்ளைக்கும் இடையிலுள்ள வளையத்தை 2,048 பூஜ்ஜியம்-ஒன்றுகளாக மாற்றுவது அவர் வழி. இரண்டு கண்களின் வரிசைகளை அடுத்தடுத்து வைத்து எத்தனை இடத்தில் வேறுபடுகின்றன என்று எண்ண வேண்டும். வெவ்வேறு கண்கள் என்றால் ஏறக்குறையப் பாதி இடங்களில் வேறுபடும்: விகிதம் 0.5. ஒரே கண்ணை இருமுறை எடுத்தால் இமை, வெளிச்சம், கண்பாவை விரிவு காரணமாகக் கொஞ்சம் மாறும், ஆனாலும் 0.5க்கு வெகு கீழே நிற்கும்.

இதற்கு உலகம் அறிந்த சாட்சி ஷர்பத் குலா. 1984இல் பெஷாவர் அருகே அகதி முகாமில் புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரி எடுத்து, 1985 ஜூன் 'நேஷனல் ஜியாகிரபிக்' அட்டையில் வந்த ஆப்கன் சிறுமி. 2002இல் மெக்கரி குழு ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்து "இவர்தான் அவர்" என்றது. முகம் வாழ்க்கையில் அடிபட்டு மாறியிருந்தது. டாக்மன் இரண்டு படங்களின் கருவிழிகளையும் ஒப்பிட்டார்: இடக் கண்ணில் 0.24, வலக் கண்ணில் 0.31. இரண்டும் ஒரே ஆள். கண் பச்சை கலந்த வெளிர் நிறம் என்பதால் சாதாரண ஃபிலிம் படத்திலேயே இழைகள் தெரிந்தன. கறுப்பு விழியாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

இன்னாரென்று கண்ணே சாட்சி சொன்ன அதே பெண்ணை 2016 அக்டோபரில் பாகிஸ்தான் போலீசார் கைது செய்தார்கள். வெளிநாட்டவரான அவர் மோசடியாகப் பாகிஸ்தான் அடையாள அட்டை வாங்கினார் என்பது குற்றச்சாட்டு. அடுத்த மாதமே ஆப்கானிஸ்தானுக்கு நாடு கடத்தப்பட்டார். ஆள் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அந்த ஆள் அங்கே வாழலாமா என்பதை எந்தக் கருவிழியாலும் சொல்ல முடியாது. அதைச் சொல்வது சட்டம், அரசியல்.

எல்லைக்கோட்டின் கணக்கு

அட்டையைக் காட்டி "நான் இன்னார்" என்று சொல்லும்போது இயந்திரம் ஒருவரை ஒருவரோடு மட்டும் ஒப்பிடுகிறது. பெயரே கேட்காமல் கண்ணை மட்டும் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கச் சொன்னால் ஊர் முழுவதோடும் ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், கணக்கு வேறு.

இரண்டு வெவ்வேறு கண்கள் 0.32 அல்லது அதற்குக் கீழே ஒத்துப்போகும் வாய்ப்பு ஏறத்தாழ 2.6 கோடியில் ஒன்று என்று டாக்மன் கணக்கிட்டார். ஒருவரோடு ஒருவரை ஒப்பிட அது தாராளமாகப் போதும். சிங்கப்பூர் அளவில், ஏறத்தாழ 60 லட்சம் பேர் கொண்ட தரவுத்தளத்தில் தேடினால்? ஒவ்வொரு தேடலும் 60 லட்சம் ஒப்பீடு. ஒரு கண்ணை மட்டும் வைத்து இந்த எல்லையில் தேடினால் ஏறத்தாழ ஐந்து தேடலில் ஒன்றில் யாரோ சம்பந்தமில்லாத ஆள் மாட்டுவார். எல்லையை 0.30க்கு இறக்கினால் வாய்ப்பு 150 கோடியில் ஒன்றாகச் சுருங்கும். ஏறத்தாழ 250 தேடலுக்கு ஒரு தவறு. இரண்டு கண்களையும் சேர்த்து, முகத்தையும் துணைக்கு வைத்தால் தவறு மேலும் அரிதாகிவிடும். ஒரு அடையாளம் போதாமல் மூன்று கேட்பதன் பின்னணி இதுதான்.

எல்லையை இறுக்கினால் இன்னொரு பக்கம் இடிக்கும். மற்றவரை உள்ளே விடாத கண்டிப்பான இயந்திரம் உரியவரையும் அதிகமாகத் திருப்பி அனுப்பும். வண்ணக் கான்டாக்ட் லென்ஸ், தொங்கும் இமை, கண் அறுவை சிகிச்சை செய்த கண்பாவை எல்லாம் அங்கே சிக்கும். பிறவியிலேயே கருவிழி இல்லாதவர்களும் உண்டு. மாற்றான் உள்ளே நுழைவது அரசாங்கத்தின் பயம். தான் வெளியே நிறுத்தப்படுவது அட்டைக்காரரின் பயம். ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பது பார்வைக்குத் தொழில்நுட்ப முடிவு. யாருடைய பயத்துக்கு முன்னுரிமை என்ற முடிவும் அதற்குள்ளேயே இருக்கிறது.

முகத்தில் இந்தச் சிக்கல் இன்னும் அப்பட்டம். அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 2019இல் 99 உருவாக்குநர்களின் 189 முகம் அறியும் நிரல்களைச் சோதித்தது. ஒருவரை ஒருவரோடு ஒப்பிடும் சோதனையில் பல நிரல்கள் ஆசிய, ஆப்பிரிக்க முகங்களை வெள்ளையர் முகங்களைவிட 10 முதல் 100 மடங்குவரை அதிகமாக வேறொருவரோடு குழப்பின. சீனாவில் உருவான சில நிரல்களுக்குக் கிழக்காசிய முகங்களில் அந்தக் குழப்பம் இல்லை. எந்த முகங்களைக் காட்டிப் பழக்கினார்களோ அந்த முகங்களில் இயந்திரம் தேர்ச்சி பெறுகிறது என்பதையே இது சுட்டுகிறது.

முதலில் அந்நியரின் விரல்

இந்தப் புது நிபந்தனைகள் பெரும்பாலும் வெளிநாட்டவரிடம்தான் முதலில் வருகின்றன. ஜெர்மனியில் வசிக்கும் வெளிநாட்டவரின் குடியிருப்பு அட்டையில் 2011 செப்டம்பர் முதல் சில்லும் இரண்டு விரல் ரேகையும் கட்டாயம். ஜெர்மன் குடிமகனின் அடையாள அட்டையில் ரேகை கட்டாயமானது 2021 ஆகஸ்டில்தான். பிரிட்டனில் வெளிநாட்டவருக்கு 2008 நவம்பரில் பயோமெட்ரிக் எனப்படும் உடல் அடையாள அட்டை வந்தது. குடிமக்களுக்கான அட்டைத் திட்டத்தை எதிர்ப்புக்குப் பிறகு 2010இல் கைவிட்டார்கள்; வெளிநாட்டவரின் அட்டை மட்டும் 2024 இறுதிவரை நீடித்து, பிறகு இணையவழிப் பதிவாக மாறியது. பெரும்பாலான அந்நியருக்கு ஓட்டு இல்லை என்பதை இந்தத் தேதிகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்த வழக்கத்தின் வேர் பழையது. கைரேகை அறிவியல் இந்திய மண்ணில் வளர்ந்தது. 1858இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, ராஜ்யதர் கொனாய் என்ற ஒப்பந்தக்காரரின் உள்ளங்கை அச்சைப் பத்திரத்தில் வாங்கினார். 1897இல் கல்கத்தாவில் ரேகைக் காப்பகம் வந்தது. லட்சக்கணக்கான ரேகைகளை 1,024 பிரிவுகளாக அடுக்கும் முறைக்கு அசிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் இருவரும் உழைத்தார்கள்; பெயர் அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்குப் போனது. 1900இல் ஹென்றி காவல் துறையைச் சீரமைக்கத் தென்னாப்பிரிக்கா அனுப்பப்பட்டார்.

சில ஆண்டுகளில் அங்கே டிரான்ஸ்வாலில் வாழ்ந்த இந்தியர்கள் பத்து விரல் ரேகையும் பதித்துப் புதுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தது. காந்தி, ரேகை பற்றி ஹென்றி எழுதிய புத்தகத்தைப் படித்துப் பார்த்து, குற்றவாளிகளிடம்தான் இப்படிக் கட்டாயமாக ரேகை வாங்குகிறார்கள் என்று அறிந்துகொண்டார். எதிர்ப்பு கிளம்பியது. அரசாங்கத்தோடு சமரசம் ஏற்பட்டு 1908 பிப்ரவரி 10 அன்று தானாக முன்வந்து பதியப் போன காந்தியை, அதைத் துரோகம் என்று கருதிய மீர் ஆலம் என்பவர் வழியில் அடித்து வீழ்த்தினார். கூடப் போன தம்பி நாயுடு என்பவருக்கும் அடி விழுந்தது. அரசாங்கம் வாக்குத் தவறியதாகக் கருதிய இந்தியர்கள் அதே ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதி முன் கூடி 2,000க்கும் மேற்பட்ட சான்றிதழ்களைக் கொளுத்தினார்கள். அந்தப் போராட்டத்தின் முன்வரிசையில் தமிழர்கள் நின்றார்கள்.

ஜப்பானில் இதே சண்டை அட்டை புதுப்பிக்கும் கவுன்டரிலேயே நடந்தது. அங்கேயே பிறந்து வளர்ந்த கொரியர்களும் அந்நியர் பதிவைப் புதுப்பிக்கும்போது ரேகை பதிக்க வேண்டியிருந்தது. 1980இல் ஹான் ஜோங்-சோக் என்பவர் மறுத்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் அவர் வழியில் மறுத்தார்கள். 2000இல் அந்த ரேகைப் பதிவு முழுமையாக ஒழிக்கப்பட்டது. 2007 நவம்பரில் விமான நிலையங்கள் வழியாக வேறு வடிவில், வெளிநாட்டவருக்கு மட்டும், திரும்பி வந்தது.

அண்மைக்கால உதாரணம் குவைத். அங்கே விரல், முகம், கருவிழி மூன்றையும் பதிய குடிமக்களுக்கு 2024 செப்டம்பர் 30, வெளிநாட்டவருக்கு டிசம்பர் 31 என்று கெடு வைத்தார்கள். கெடு தாண்டியவர்களுக்கு அரசு சேவைகளோடு வங்கிப் பரிவர்த்தனைகளும் நிறுத்தப்பட்டன. ரேகை பதியாத தொழிலாளியால் ஊருக்குப் பணம் அனுப்ப முடியாமல் போகலாம் என்றால், அங்கே பயோமெட்ரிக் வெறும் அடையாளம் என்ற நிலையைத் தாண்டிவிட்டது.

திரும்பப் பெற முடியாத சாவி

கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். 2015இல் அமெரிக்க அரசின் பணியாளர் அலுவலகக் கணினிகளிலிருந்து 56 லட்சம் பேரின் விரல் ரேகைகள் களவு போனது தெரியவந்தது. அவர்களுக்கு மாற்று விரல் தர யாராலும் முடியாது. அட்டையின் சில்லுக்குள் மட்டும் ரேகையை வைத்திருப்பதற்கும் ஊரார் ரேகையை எல்லாம் ஒரே கிடங்கில் குவிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெரிகிறது. முதலாவதில் அட்டை தொலைந்தால் ஒருவருக்குச் சேதம். இரண்டாவதில் பூட்டு உடைந்தால் எல்லோருக்கும் சேதம்.

இத்தனைக்கும் பயோமெட்ரிக் பொல்லாதது என்று சொல்ல வரவில்லை. ஒருவர் அட்டையை இன்னொருவர் வைத்துக்கொண்டு ஏமாற்றுவதை அது பெருமளவு தடுக்கிறது. சிங்கப்பூரில் 2024இல் கடப்பிதழை எடுத்துக் காட்டாமலே சாங்கி விமான நிலையத்தைக் கடக்கும் வசதி வந்ததும் இந்தப் பதிவுகளால்தான். கேட்க வேண்டிய கேள்வி, இயந்திரம் ஒருவரை ஏற்காதபோது அடுத்து என்ன என்பது. உடல்ரீதியாக ரேகை தர இயலாதவர்களுக்கு விலக்கு உண்டு என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு விதிமுறை வெளிப்படையாகச் சொல்கிறது. இப்படி ஒரு வரி எழுத்தில் இருந்தால்தான் கவுன்டரில் நிற்பவர் அதிகாரியின் இரக்கத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை.

அட்டை புதுப்பிக்கப் போகிறவர் முன்கூட்டியே செய்யக்கூடியவை சில. விரல் வறண்டிருந்தால் சில நாள் முன்பிருந்தே களிம்பு தடவி, கரடான வேலைக்கும் சிமெண்டுக்கும் கையுறை போடுவது பலன் தரும். பதியும் நேரத்தில் மட்டும் கையில் எண்ணெயோ ஈரமோ இருக்கக் கூடாது. கண் அறுவை சிகிச்சை செய்திருந்தாலோ, தோலைப் பாதிக்கும் மருந்து சாப்பிட்டாலோ மருத்துவர் கடிதம் அவசியம். ஒரு விரல் விழாவிட்டால் மற்ற விரல்களையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எதுவும் விழாவிட்டால், "பதிய முயன்றார், ரேகை எடுக்க இயலவில்லை" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அடுத்த கவுன்டரில் நிற்கும்போது உங்கள் பக்கம் பேச அந்தக் காகிதம் வேண்டும்.